உருகுவே கால்பந்து வீரர் செபாஸ்தியான் அப்ரேயு 30 கிளப்களுக்கு மேல் மாறியது ஏன்? திறமை போதாததாலா?

இல்லை. உருகுவே தேசிய அணிக்கு 70 ஆட்டங்களில் 26 கோல் அடித்தவரைத் திறமையற்றவர் என்று சொல்லவே முடியாது.

முக்கியக் காரணம் ஒப்பந்த முறை. 1998-ல் ஸ்பெயினின் டெபோர்த்திவோ லா கொருஞா அவரை வாங்கியது. ஆனால் அங்கே நிலையாக இடம் கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டே பிரேசில், மெக்சிகோ, அர்ஜென்டினா என்று வேறு கிளப்களுக்குத் தற்காலிகமாக ஆட, கடனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பெட்டி படுக்கையோடு அலைந்த அந்த வருடங்களில்தான் பட்டியல் நீண்டது. பிறகு இஸ்ரேல், கிரீஸ் வரை போனார். 2017-ல் சிலியின் ஆடாக்ஸ் இத்தாலியானோ அவருக்கு 26-வது கிளப். அப்போதே அது உலக சாதனை; அதன் பிறகும் பட்டியல் நீண்டது.

2010 உலகக் கோப்பை காலிறுதியை மட்டும் தவறாமல் பாருங்கள். கானாவுக்கு எதிராகப் பெனால்டி ஷூட் அவுட். உருகுவேயின் ஐந்தாவது உதை, அடித்தால் அரையிறுதி. 13-ம் எண் சட்டையோடு ஓடிவந்து, கோல்கீப்பர் பக்கவாட்டில் பாய, பந்தை நடுவில் மெல்லத் தூக்கிவிட்டார். 1970-க்குப் பிறகு உருகுவேக்கு முதல் அரையிறுதி! அதே ஆண்டு ஏப்ரலில் பிரேசில் கிளப்பான பொட்டாஃபோகோவுக்காக, ஃபிளமெங்கோவுக்கு எதிரான இறுதிப் போட்டியிலும் இதே பாணியில்தான் பெனால்டி அடித்திருந்தார். அவ்வளவு நெஞ்சழுத்தம்.

44 வயதில், 2021-ல்தான் ஓய்வு பெற்றார்.