கடன் இருக்கும்போது பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகலாமா?

கேள்வி: கண்ணகி நகரில் இருக்கிறோம். அடையாறில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறேன். மாதம் 9,000 ரூபாய். கணவர் பெயின்டர், வேலை இருந்தால் 10,000 வரும். மகளிர் உரிமைத் தொகை 1,000. தண்டல் 10,000 வாங்கியதில் 8,500தான் கைக்கு வந்தது. தினம் 100 கட்டுகிறேன். இன்னும் 40 நாள் பாக்கி. தோடு 10,000-க்கும் செயின் 30,000-க்கும் மூன்று வட்டி அடகில் இருக்கின்றன. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. "கடனை வச்சுக்கிட்டு ஊர்சுற்றலா?" என்கிறார் கணவர். மாதம் 500 ரூபாய் சந்தோஷத்துக்குச் செலவழித்தால் தப்பா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தப்பே இல்லை, சகோதரி. உரிமைத் தொகையில் பாதியை அதற்கென்றே எடுத்து வையுங்கள். வருஷம் முழுக்க எல்லா ஆசையையும் அடக்கிவைக்கும் குடும்பங்கள், தீபாவளி வந்ததும் மனசு கேட்காமல் மொத்தமாகத் தண்டல் வாங்குவதை நிறையப் பார்க்கிறேன். மாதம் 500 அதைவிட எவ்வளவோ மலிவு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் உங்களுக்கு டிக்கெட் கிடையாது. பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் சுண்டல், ஐஸ்கிரீம் வாங்கித் தந்து வர 500 தாராளம்.

உங்களை அழுத்துவது தண்டல்தான். 1,500 ரூபாய்தானே பிடித்தார்கள் என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால், 100 நாளில் சராசரியாக உங்களிடம் நிற்பது வாங்கியதில் பாதிதான். அப்படிப் பார்த்தால் ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் பெயர் சொல்லியே தடுக்கிறது.

இது முடிந்ததும் அடுத்த தண்டல் வாங்காதீர்கள். எல்லாரும் சறுக்குவது அங்கேதான். கட்டி முடித்த மறுநாளும் அதே 100 ரூபாயை எடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். வீட்டில் வைத்தால் நிற்காது. கணவருக்கு வேலையில்லாத நாளில் 50 போட்டாலும் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயின்ட் வேலை நின்றுபோகும். அதற்கு ஒரு 5,000 ஒதுங்கிய பிறகே நகையைத் தொடுங்கள். இல்லாவிட்டால் மழை மாதத்தில் தண்டல்காரர் மறுபடி வாசலுக்கு வந்துவிடுவார்.

40,000-க்கு மூன்று வட்டி என்றால் மாதம் 1,200 ரூபாய். கூட்டுறவு வங்கி நகைக் கடனில் அது ஒரு வட்டியை ஒட்டித்தான் வரும். முதலில் தோட்டை மீட்டு வங்கியில் வையுங்கள். அதில் வரும் பணத்தைச் செயினின் அசலில் கட்டுங்கள். கட்டியதற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். செயினை மீட்க ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம், பரவாயில்லை. அதற்காகக் கடற்கரையை நிறுத்த வேண்டாம்.

அப்புறம், உங்கள் கணவர் சாரத்தில் ஏறி வேலை செய்பவர். வங்கிக் கணக்கு இருந்தால் வருஷம் 20 ரூபாயில் பிரதமர் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயின்டர்களும் பதியலாம். வீட்டுப் பணியாளர்களுக்கும் தனி வாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கேட்கலாம். இந்த மாதமே மூன்றுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.