குளம் வெட்டப் பெக்கோவைக் கூப்பிடுமுன் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: கடலில் பிடிபாடு குறைந்துவிட்டது. மூதூரில் களப்போரமாக, எங்கள் சங்கத்தில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு ஏக்கரில் இறால் வளர்க்க நினைக்கிறோம். இறங்கலாமா?

பதில்: இறங்கலாம். ஆனால் முதலில் தண்ணீர் எடுக்கும் இடத்தின் உவர்ப்பை ஒரு வருடம் அளந்து எழுதுங்கள். கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுகிறது. மாரி வெள்ளம் இறங்கினால் உவர்ப்பு சட்டென்று குறையும். திடீர் மாற்றத்தை இறால் தாங்காது. மாசி, பங்குனியில் குஞ்சு விட்டு ஐப்பசி மழைக்கு முன் பிடித்துவிடுங்கள். கறுப்பு இறாலுக்கு நாலைந்து மாதம் போதும்.

சரி, கணக்கு. வளர்க்கும் குளம் மட்டும் ஒரு ஏக்கர் என்றால், சதுர மீற்றருக்கு 10 வீதம் 40,000 குஞ்சு. நூற்றுக்கு 70 தப்பி, ஒன்று 25 கிராம் வந்தால் 700 கிலோ. ஒரு கிலோ இறாலுக்கு ஒன்றரைக் கிலோ தீனி வைத்தாலும் 1,050 கிலோ வேண்டும். செலவில் பெரும்பங்கு அதுதான். குளம் வெட்டவே காசு முடிந்துவிட்டால் மூன்றாம் மாதம் தீனிக்குக் கடன்தான்.

1996இல் புத்தளம், சிலாபம் பக்கம் வெண்புள்ளி நோய் என்ற வைரசு நோய் இறால் பண்ணைகளை அழித்தது. ஒரு பண்ணை வெளியே விட்ட தண்ணீரை அடுத்த பண்ணை உள்ளே எடுத்தால் நோயும் கூடவே வரும். எந்தப் பகுதி எப்போது குஞ்சு விடலாம் என்று அங்கே அப்புறம் அட்டவணை போட்டார்கள். இதைத் தனியாள் செய்ய முடியாது, சங்கம் செய்யலாம். தண்ணீர் எடுக்கும் வாயும் விடும் வாயும் தூரத் தூர இருக்கட்டும். தண்ணீரைத் தேக்கித் தெளியவைக்கத் தனிக் குளம் வேண்டும். நோய்க்கிருமி உண்டா என்று பார்க்கும் பிசிஆர் பரிசோதனை அறிக்கை இல்லாத குஞ்சை, எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள்.

இரவுக் காவலையும் இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். பகலில் எட்டுப் பங்காளி, இரவில் ஒருவருமில்லை என்று கெட்ட குளங்கள் உண்டு. விடியப்புறம் நாலு மணிக்கு டோர்ச் அடித்துப் பாருங்கள். இறால் மேலே வந்து கரையோரம் ஒதுங்கினால் ஒட்சிசன் போதவில்லை, தண்ணீருக்குக் காற்றூட்டும் சக்கரத்தைப் போடுங்கள். இரவுத் தொழிலுக்குப் போனவர்களுக்கு இதொன்றும் புதிதல்ல.

கண்டல் மரங்களை வெட்டிக் குளம் போடாதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம், அந்த மண்ணைக் கிளறினால் புளிப்பு ஊறித் தண்ணீரைக் கெடுக்கும். அனுமதிப்பத்திரத்துக்கு நக்டாவிடம் (தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை) போகும்போது நன்னீர் இறால் பற்றியும் கேளுங்கள். ஊரில் ஏற்கெனவே உள்ள நீர்ப்பாசனக் குளத்தில் குஞ்சு விட்டுப் பிடிப்பதற்குத் தீனிச் செலவு இல்லை; கைக்காசு குறைவென்றால் நான் அதைத்தான் முதலில் செய்வேன். அந்தக் குளத்து மீனவர் சங்கத்தோடு மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.