1950-களில் அமெச்சூராகவே ஆடிய ஐஸ் ஹாக்கி வீரர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? ஏன்?

ஜான் மயாசிச். யோசிக்கவே வேண்டாம், என் பதில் அவர்தான்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடக்கே ஈவ்லெத் என்று ஒரு சின்ன ஊர். இரும்புத்தாது வெட்டும் ஊர், பிழைப்புத் தேடி ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் குடியேறிய ஊர். அங்கே ஒரு குரோஷியக் குடும்பத்தில் 1933-ல் பிறந்தார். 1948 முதல் 1951 வரை தொடர்ந்து நான்கு வருஷம் அந்த ஊர்ப் பள்ளிதான் மாநில சாம்பியன். அந்த நான்கு வருஷமும் அணியில் இருந்தார். 69 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 1951 மாநிலப் போட்டியில் மூன்றே ஆட்டங்களில் 15 கோல்!

பிறகு மினசோட்டா பல்கலைக்கழகம். பயிற்சியாளர் ஜான் மாரியூச்சியும் ஈவ்லெத்காரர்தான். அங்கே 111 ஆட்டங்களில் 144 கோல். சக வீரர்கள் கோல் அடிக்க உதவியதையும் சேர்த்தால் 298 புள்ளிகள். மட்டையைப் பின்னால் உயரத் தூக்கி, ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக இருக்கும் வட்டுக்குச் சற்று முன்பே பனியில் உரச இறக்கி, மட்டை வில்லாக வளைந்து நிமிரும் வேகத்தில் வட்டைப் பறக்கவிடும் ‘ஸ்லாப் ஷாட்’டை, கல்லூரி ஆட்டத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதலில் இவர் பெயரைத்தான் சொல்வார்கள். மணிக்கட்டைச் சுழற்றி அடிக்கும் அடியையே பார்த்துப் பழகிய கோல்கீப்பர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

இவ்வளவு திறமை இருந்தும் என்.எச்.எல். தொழில்முறை லீக்கில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அப்போது அதில் இருந்ததே ஆறு அணிகள். ஆடியவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே கனடாக்காரர்கள். அமெரிக்கக் கல்லூரிப் பையனை அவர்கள் ஏறெடுத்துப் பார்த்ததே அபூர்வம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

அந்தக் கனடாவுக்கு எதிராகத்தான் 1956-ல் இத்தாலியின் கோர்ட்டினாவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் மூன்று கோல் அடித்தார். 4-1 என்று அமெரிக்கா ஜெயித்தது. சோவியத்துக்குத் தங்கம், அமெரிக்காவுக்கு வெள்ளி, கனடாவுக்கு வெண்கலம்.

1960-ல் அமெரிக்காவிலேயே, கலிபோர்னியாவின் ஸ்குவா வேலியில் ஒலிம்பிக். விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரில் வேலை பார்த்துக்கொண்டே உள்ளூர் பாப்கேட்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர், தாமதமாகத்தான் ஒலிம்பிக் அணியில் வந்து சேர்ந்தார். கோல் அடித்தே பெயர் வாங்கியவரைத் தடுப்பாட்டத்தில் நிறுத்தினார்கள், நின்றார். அணியில் மற்றவர்களும் வேலைக்குப் போகிறவர்கள்தான். கிறிஸ்டியன் சகோதரர்கள் தச்சு வேலை செய்தவர்கள். கனடாவை 2-1, சோவியத்தை 3-2 என்று ஜெயித்துவிட்டு, மறுநாள் காலையிலேயே செக்கோஸ்லோவாக்கியாவோடு ஆட வேண்டும். ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டு முடிந்தபோது 4-3 என்று பின்தங்கியிருந்தார்கள். கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் இருக்கும் இடம், மூச்சு வாங்குகிறது. அப்போது சோவியத் கேப்டன் சொலோகுபோவ் இவர்கள் அறைக்குள் வந்தார். ஆங்கிலம் தெரியாது, ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று முகத்தில் கையை வைத்துச் சைகை காட்டினார். கடைசிப் பகுதியில் ஆறு கோல், 9-4, தங்கம். முந்தின நாள் இவர்களிடம் தோற்றுப்போன அணியின் கேப்டன் அவர்! இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

எல்லோரும் 1980 ஒலிம்பிக்கில் அமெரிக்க ஹாக்கி அணி வாங்கிய தங்கத்தைத்தான் கொண்டாடுகிறார்கள். அந்த அணியின் பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ், 1960 அணியிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டவர்.

தங்கம் வாங்கியபின் மயாசிச் திரும்பிப் போனது கிரீன் பேக்குத்தான். பாப்கேட்ஸுக்கே இன்னும் பல வருஷம் ஆடினார். 1998-ல் பல்கலைக்கழகம் அவருடைய 8-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தது. அந்த ஹாக்கி அணியில் அப்படி ஓய்வு கொடுக்கப்பட்ட முதல் எண் அது.