லேசர் எக்ஸ்-ரே இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கலாமா?

பெங்களூரு பீன்யாவில் வார்ப்படப் பட்டறை நடத்தும் வாசகர், 120 மி.மீ. தடிமனுள்ள எஃகு வால்வு உடல்களைச் சோதிக்க லேசர் எக்ஸ்-ரே இயந்திரம் வாங்குமாறும், கதிரியக்கப் பொருள் இல்லாததால் அதற்கு உரிமமே வேண்டாம் என்றும் ஒரு தரகர் வற்புறுத்துவதாக எழுதியிருக்கிறார்.

முன்பணம் கொடுக்காதீர்கள். தொழில்நுட்பம் உண்மையானதுதான். மிகக் குறுகிய லேசர் துடிப்பை வாயுத் தாரையில் குவித்தால் எலக்ட்ரான்கள் சில மில்லிமீட்டருக்குள் பேராற்றல் பெறுகின்றன. அவை டாண்டலம் போன்ற கன உலோகத் தகட்டில் மோதும்போது தடித்த எஃகையும் ஊடுருவும் எக்ஸ் கதிர் பிறக்கிறது. கதிர் பிறக்கும் புள்ளி மிகச் சிறியது என்பதால் படமும் கூர்மையாக விழுகிறது. ஆனால் இந்தூரின் ராஜா ராமண்ணா மையம் போன்ற ஆய்வு நிலையங்களில் இயற்பியலாளர்கள் பேணும் இத்தகைய லேசரை, தூசும் அதிர்வும் நிறைந்த பட்டறையில் வைத்து ஓட்ட முடியாது.

உரிமம் வேண்டாம் என்பது அப்பட்டமான பொய். மின்சாரத்தை நிறுத்தினால் கதிர் நிற்கும் என்பது சரிதான். ஓடும்போது வெளிப்படுவது ஆளைப் பாதிக்கும் கதிர்தானே? ஆற்றல் மிகுந்தால் நியூட்ரான்களும் வெளிவரும். கதிரைத் தடுக்கும் சுவரை இன்னும் கனமாக எழுப்ப வேண்டியிருக்கும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும் பயிற்சி பெற்ற கதிர்ப் பாதுகாப்பு அலுவலரும் கட்டாயம். இதையெல்லாம் சிறு தொழில் செய்வோருக்கு எளிய தமிழிலோ கன்னடத்திலோ உட்கார்ந்து விளக்க ஓர் ஏற்பாடு இல்லாததால்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் சொல்லியும் எதுவும் மாறவில்லை.

தரகர் காட்டும் அழகிய படத்தில் பெனிட்ரோமீட்டர் கம்பிகள், அதாவது படத்தின் தரத்தைச் சோதிக்கப் பொருளின் மேல் வைக்கும் மெல்லிய கம்பிகள், தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அந்தப் படத்தால் எதையும் நிரூபிக்க முடியாது. உங்கள் வார்ப்பின் மேலேயே கம்பியை வைத்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஏற்றது கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளை வைத்திருக்கும் உரிமம் பெற்ற சோதனை நிறுவனம். அதன் காமாக் கதிர் 120 மி.மீ. எஃகைக் கடக்கையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்காகக் குறையும். படமெடுக்க அது போதும். வாடிக்கையாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் ஒலி அலையால் உள்குறையைத் தேடும் அல்ட்ராசானிக் சோதனை இன்னும் மலிவாக முடியும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. அதை மறந்து பணம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆர்டரில் டபிள்யூ.சி.பி. என்றிருந்தால் அது கார்பன் எஃகு, அல்ட்ராசானிக் நன்றாகவே வேலை செய்யும். சி.எஃப்.8.எம். என்றிருந்தால் அது ஆஸ்டெனிடிக் துருவேறா எஃகு. அதன் பருமனான உலோகப் படிக மணிகள் ஒலியைச் சிதறடிப்பதால் திரையில் வெறும் இரைச்சல்தான் தெரியும், குறை இருந்தாலும் அதில் மறைந்துவிடும். அத்தகைய வார்ப்புக்கு ரேடியோகிராபியையே, அதாவது கதிர்ப் படத்தையே, கேளுங்கள். அல்ட்ராசானிக்கே போதும் என்று விலையைக் குறைத்துச் சொல்பவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள்.