எழுத்துத் தேர்வில் 90; கதவு முன்னால் தடுமாற்றம்

கேள்வி: கேபின் க்ரூ பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். எழுத்துத் தேர்வில் 90-க்குக் கீழே இறங்கியதே இல்லை. ஆனால் அவசரக் கதவு செய்முறைத் தேர்வில் இரண்டு முறை 'இன்னும் தகுதி பெறவில்லை' என்று எழுதிவிட்டார்கள். 'எவாக்குவேட்' (விமானத்திலிருந்து வெளியேற்று) என்ற சத்தம் கேட்டதும் எல்லாம் மறந்துபோகிறது. அடுத்த வாரம் மூன்றாவது வாய்ப்பு. எப்படித் தயாராவது?

பதில்: பாடம் உங்களுக்குத் தாளில் இருக்கிறது, கைக்கும் தொண்டைக்கும் இன்னும் வந்து சேரவில்லை. ஒரு வாரம் போதும், புத்தகத்தை மூடிவைத்தால்.

முதலில் அந்த இரண்டு மதிப்பீட்டுத் தாள்களையும் பயிற்சி மையத்தில் கேட்டுப் பாருங்கள். எந்த வரியில் விழுந்தீர்கள் என்று அதில் இருக்கும். கதவுத் தேர்வில் பத்து படிகளைச் சரியாகச் செய்து, உயிருக்கு ஆபத்தான ஒன்றை விட்டாலும் மொத்தமும் போய்விடும். அப்படி விட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான்.

ஒன்று, ஜன்னல் வழியே வெளியே பார்க்காமல் ஹேண்டிலில் கை வைப்பது. வெளியே தீயோ, உடைந்த பாகமோ, கதவு விளிம்புக்கு மேல் தண்ணீரோ இருந்தால் அந்தக் கதவைத் திறக்கவே கூடாது. பார்த்தால் மட்டும் போதாது. கழுத்தைத் திருப்பி, "வெளியே தெளிவாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். நீங்கள் மனதுக்குள் பார்த்தது தேர்வாளருக்குத் தெரியாது.

இரண்டு, அசிஸ்ட் ஹேண்டில், அதாவது கதவோரம் இருக்கும் பிடிமானக் கைப்பிடி. கதவு திறந்ததும் ஒரு கை அதைப் பிடித்திருக்க வேண்டும். பின்னாலிருந்து கூட்டம் தள்ளினால் முதலில் வெளியே விழுவது நீங்கள்தான். மறு கையால், ஸ்லைடை (பயணிகள் சறுக்கி இறங்கும் காற்றடைத்த சறுக்கு) ஊத வைக்கும் சிவப்பு மேனுவல் இன்ஃப்ளேஷன் ஹேண்டிலை இழுங்கள். ஸ்லைடு தானாகவே ஊதிக்கொள்ளும் என்று அதை விடுபவர்கள் பலர். தானாக ஊதாத நாளுக்காகத்தான் அந்த ஹேண்டில். ஸ்லைடு முழுதாக விரியும்வரை பயணிகளைத் தடுத்து நிறுத்துங்கள். பிறகு வழியை மறைக்காமல் ஓரமாக நின்று கமாண்ட் கொடுங்கள். இடையிடையே வெளியே பார்த்துக்கொண்டே இருங்கள், நல்ல ஸ்லைடும் பாதியில் கெட்டுப்போகலாம்.

இரண்டு விமான வகைகளைப் படிப்பவர்கள் கையைக் குழப்பிக்கொள்வார்கள். ஆர்ம் செய்வதற்கு, அதாவது கதவு திறந்ததும் ஸ்லைடு விரியும்படி தயார்நிலையில் வைப்பதற்கு, போயிங் 737-இல் குனிந்து கர்ட் பாரை (ஸ்லைடோடு இணைந்த தண்டு) தரைக் கொக்கிகளில் மாட்ட வேண்டும்; ஏர்பஸ் 320-இல் ஆர்மிங் லீவரை நகர்த்த வேண்டும். அந்த ஏர்பஸில் வழக்கமான திறப்பைக் கேட்டால், ஹேண்டிலைச் சற்றே உயர்த்தியதும் 'ஸ்லைடு ஆர்ம்டு' வெள்ளை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் ஸ்லைடு இன்னும் ஆர்மில் இருக்கிறது. உடனே ஹேண்டிலை இறக்குங்கள். சிவப்பு கேபின் பிரஷர் விளக்கு மினுக்கினால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. அப்போதும் திறக்கக் கூடாது. ஒரு நாளுக்கு ஒரு வகை மட்டும் பழகுங்கள்.

பழகுவதற்கு வீட்டுக் கதவும் ஒரு நாற்காலியும் போதும். நாற்காலியில் பெல்ட் போட்டதுபோல் உட்கார்ந்து 30 விநாடி 'சைலன்ட் ரிவ்யூ' செய்யுங்கள்: எந்தக் கதவு, என்ன கமாண்ட், யார் உதவி செய்யக்கூடியவர். பிறகு எழுந்து முழுக் குரலில் செய்யுங்கள். அக்கம்பக்கத்தார் வந்து கதவைத் தட்டினால் குரல் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். போனில் பதிவு செய்து கேளுங்கள். கமாண்டின் கடைசிச் சொல் தேய்ந்து போகிறதா? அங்கேதான் பதற்றம் தெரியும்.

தீயணைப்புச் செய்முறையும் அதே நாளில் வந்தால்: தீயை விட்டுவிட்டு காக்பிட்டுக்குச் சொல்ல ஓடாதீர்கள். தீயை எதிர்ப்பவர், தகவல் சொல்பவர், உதவியாளர் என்று மூன்று வேலைகள்; முதலில் பார்த்தவர் தீயோடு நிற்க வேண்டும். டாய்லெட் கதவைப் புறங்கையால் தொட்டு வெப்பம் பாருங்கள். லித்தியம் பேட்டரி என்றால் ஹேலான் வாயுத் தீயணைப்பானால் சுடரை அடக்கி, பிறகு தண்ணீர் ஊற்றிக் குளிர வையுங்கள். ஐஸ் வைக்கவே கூடாது; அது வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். முதலுதவியும் கேட்டால், சிபிஆருக்கு (நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுப்பது) 30 அழுத்தம், 2 மூச்சு; ஆழம் 5 முதல் 6 செ.மீ.

நடுவில் ஒரு படி விட்டுப்போனது தெரிந்தால் முகம் வாடி நிற்காதீர்கள். "திருத்துகிறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு அந்தப் படியிலிருந்து தொடருங்கள்.