மூன்று பேட்டரி மாற்றியும் ஸ்டார்ட் ஆகாத டாஸ்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என்னிடம் 1999 டொயோட்டா டாஸ் கார் இருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்டக்டக்’ என்று சத்தம் மட்டும்தான் வருகிறது. ஆனால் அப்போதும் ஹெட்லைட் மங்காமல் நன்றாக எரிகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் தன் பக்கியின் (பிக்கப் வண்டி) பேட்டரியிலிருந்து ஜம்ப் கேபிள் போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். இரண்டு வருடத்தில் மூன்று பேட்டரி மாற்றிவிட்டேன். இப்போது ஓர் எலெக்ட்ரீஷியன் வயரிங் முழுவதையும் மாற்றவேண்டும், பாதிப் பணம் முன்னாலேயே வேண்டும் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு முழங்கைக்கும் குறைவான நீளமுள்ள ஒரு கம்பிதான் கெட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அதை நீங்களே சோதித்துவிடலாம்.

பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம், எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வரவேண்டும். திரும்பி வரும் வழிதான் எர்த். எஞ்சின் ரப்பர் தாங்கிகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் ஓடாது. அதனால் எஞ்சினிலிருந்து பேட்டரி மைனஸுக்கும் பாடிக்கும் எர்த் ஸ்ட்ராப் என்று தடித்த கம்பி போட்டிருப்பார்கள். நம் டர்பன் கடல் காற்றுக்கு அதன் முனைகளில் பச்சை பூக்கும், உள்ளே செம்பு பொடிந்துபோகும்.

‘லைட் எரிகிறதே, அப்புறம் எர்த் எப்படிக் கெட்டிருக்கும்?’ என்று கேட்பீர்கள். ஹெட்லைட் ஒவ்வொன்றும் இழுப்பது சுமார் 5 ஆம்ப். அதற்கு எஞ்சின் வழியும் தேவையில்லை. ஸ்டார்ட்டரோ 100 ஆம்பிற்கு மேல் இழுக்கும். பேட்டரி இறந்திருந்தால், சாவியைத் திருப்பும்போது லைட்டும் மங்கிப் படுத்துவிடும். உங்கள் லைட் மங்கவில்லை. பேட்டரியில் தெம்பு இருக்கிறது, அது ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் கேபிள் போட்டதும் ஏன் ஓடுகிறது? அண்ணனிடம் கேளுங்கள், கறுப்புக் கேபிளின் முனையை எங்கே மாட்டுகிறார் என்று. எஞ்சின் இரும்பில் மாட்டுகிறேன் என்பார். ஜம்ப் கொடுக்க அதுதான் சரியான முறை. ஆனால் அப்படி மாட்டும்போது அந்தக் கறுப்புக் கேபிளே உங்கள் எர்த் கம்பியின் வேலையைச் செய்துவிடுகிறது! பார்க்கிற எல்லாரும் ‘பேட்டரி போச்சு’ என்கிறார்கள். உங்களிடம் விற்ற மூன்று பேட்டரிகளும் இந்த ஒரு தவறான முடிவில் விற்றவைதான்.

சோதனை இதுதான். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்த நிலையில், இன்னொரு வண்டி இல்லாமல், கறுப்புக் கேபிளை மட்டும் எடுங்கள். ஒரு முனையை உங்கள் பேட்டரியின் மைனஸில், இன்னொன்றை எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் கடிக்க விடுங்கள். விசிறி, பெல்ட் பக்கம் போகவேண்டாம். சாவியைத் திருப்புங்கள். சுற்றினால் குற்றவாளி எர்த்தான். தெருவில் விற்கும் மெல்லிய கேபிளை நம்பவேண்டாம், தடித்ததாக வாங்குங்கள்.

பழுது பார்க்கும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். ஸ்ட்ராப்பின் இரண்டு முனைகளையும், அவை உட்காரும் இடங்களையும் பளபளவென்று உலோகம் தெரியும்வரை சுரண்டி இறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கம்பி பொடிந்திருந்தால் புதிதாகப் போடுங்கள். அதன் விலை பேட்டரி விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

ஒரு விதிவிலக்கு. கேபிள் மாட்டியும் ‘டக்’ என்று கனமாக ஒரே ஒரு சத்தம் வந்து நின்றால், லைட்டும் மங்காவிட்டால், ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் செம்புத் துண்டுகள் தேய்ந்திருக்கலாம். பத்து தடவை திருப்பினால் பதினோராவது தடவை பிடிக்கும், மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் இது வரும். ஒருமுறை ஒரு ஸ்டார்ட்டரைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு துண்டு நாணயம்போல் தடியாக இருந்தது, மற்றொன்று பிளேடுபோல் தேய்ந்திருந்தது. அந்தத் துண்டுகளை மட்டும் மாற்றினாலே போதும். ஆனால் ஸ்டார்ட்டர் முழுவதையும் விற்கத்தான் கடையில் ஆசைப்படுவார்கள். துண்டு மாற்றித் தருவீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இப்போது அந்த எலெக்ட்ரீஷியன் விஷயம். அவரை யார் சொல்லி அனுப்பினார்கள்? இழுத்துவந்த டோ வண்டிக்காரரா, பார்ட்ஸ் கடைக்காரரா? ‘எனக்குத் தெரிந்த ஆள்’ என்பதற்குள் பல நேரம் ஒரு கமிஷன் இருக்கும், அது உங்கள் பில்லில்தான் ஏறும். வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்காமல் வயரிங் முழுவதும் போச்சு என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ஸ்டார்ட் செய்யச் சாவியைத் திருப்பிப் பிடிக்கும் நேரத்தில் பேட்டரி மைனஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் அரை வோல்ட்கூடக் காட்டக்கூடாது. இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாதவருக்கு முன்பணம் எதற்கு?

நம் நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2008 உங்கள் பக்கம்தான் இருக்கிறது. வேலைக்கு முன் மதிப்பீடு கேட்கலாம். கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்கலாம். புதிதாகப் போட்ட பாகத்துக்கு மூன்று மாத உத்தரவாதம் உண்டு. ஆனால் இதையெல்லாம் கராஜ் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்களா? கேட்டால்தான் கிடைக்கும், கேட்பவரை வம்புக்காரர் என்பார்கள். வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று தரும் ரோட்வொர்த்தி சான்றிதழும் அப்படித்தான். வண்டி கைமாறும்போது ஒருமுறை லைட், பிரேக், டயரெல்லாம் பார்ப்பார்கள், அதோடு சரி. எர்த் கம்பியை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. அந்தத் தாளைக் காட்டி ‘வண்டி நல்லா இருக்கு’ என்று விற்கிறார்களே, எனக்கு வயிறு எரிகிறது.

மூன்றாவது பேட்டரியைத் தூக்கிப் போடாதீர்கள். சார்ஜரில் முழுதாக ஏற்றி, சில மணி நேரம் சும்மா விட்டு மீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் அநேகமாக நல்ல பேட்டரிதான். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் பக்கம் காட்டினால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் வேலை செய்கிறது. இரண்டும் சரியாக இருந்தால் பழைய ஸ்ட்ராப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு பார்ட்ஸ் கடைக்குப் போய், அதே நீளத்தில், அதே தடிமனுக்குக் குறையாமல் வாங்குங்கள்.