பெட்டிக்கு ஏழு சாவிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரிஸைச் சுற்றிய சிறு நிலப்பகுதியை மட்டுமே நேரடியாக ஆண்டுவந்த பிரான்சின் கப்பேத்திய அரசகுலம் அரசர் இரண்டாம் பிலிப் காலத்தில் அத்தனை வலுப்பெற்றதற்கு 1214இல் அவர் வென்ற பூவின் போர்தானே காரணம்? உங்கள் கட்டுரை அதை ஒரே வரியில் கடந்துவிட்டது ஏன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பூவினில் பிலிப் தோற்றிருந்தால் சேர்த்ததெல்லாம் கைநழுவியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நார்மண்டி அவர் வசமானது அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, 1204இல். அதுவும் ஒரு வழக்கில் தொடங்கியது. இங்கிலாந்து அரசர் ஜான், நார்மண்டி உட்பட பிரான்சில் தமக்கிருந்த நிலங்களைப் பொறுத்தவரை பிலிப்புக்குக் கட்டுப்பட்டவர். லூசிஞன் என்ற பிரபுக் குடும்பத்தார் ஜான்மீது முறையிட, 1202இல் பிலிப் அவரைத் தம் அவைக்கு அழைத்தார். அவர் வராததால் நிலங்கள் பறிமுதல் என்று தீர்ப்பாயிற்று. படை அந்தத் தீர்ப்பின் பின்னால்தான் சென்றது.

என் கட்டுரையில் நான் அதிக இடம் கொடுத்தது 1190ஆம் ஆண்டின் ஆணைக்கு. சிலுவைப் போருக்குக் கிளம்பிய பிலிப், வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகிறவர் ஒவ்வொன்றாகச் சொல்லிவைப்பதைப் போல அதை எழுதிவைத்தார். பாயி எனப்பட்ட அதிகாரிகள் மாதந்தோறும் தம் பகுதியில் வழக்குக் கேட்க வேண்டும். நான்கு மாதங்களுக்கு ஒருமுறை அரசரின் தாயாரும் தாய்மாமனான ரெம்ஸ் பேராயரும் பாரிஸில் குறைகேட்கும் நாளில் நேரில் வந்து கணக்குச் சொல்ல வேண்டும். வருவாய், டெம்ப்ளர் எனப்பட்ட போர்வீரத் துறவிகளின் மாளிகையில் பெட்டிகளில் பூட்டப்படும். பாரிஸ் நகரத்தார் ஆறு பேரிடம் ஆளுக்கொரு சாவி, துறவிகளிடம் ஒன்று. பிரபுக்களிடம் ஒரு சாவிகூடக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வரிவசூலைக் குத்தகைக்கு எடுத்த பிரெவோக்களைப் போலன்றி, பாயிகள் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். அவர்களை அரசர் இடம் மாற்றலாம், அவர்களின் பதவி மகனுக்குப் போகாது.

ஆவணங்களின் அருமையை பிலிப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். 1194இல் பிரெத்வால் என்ற இடத்தில் ஜானுக்கு முன் இங்கிலாந்தை ஆண்ட ரிச்சர்டின் படை துரத்தியபோது, பிலிப்போடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த மூட்டைமுடிச்சுகளோடு முத்திரையும் ஏடுகளும் பறிபோயின. அதன்பிறகுதான் ஆவணங்கள் பாரிஸில் நிலையாக ஓரிடத்தில் வைக்கப்பட்டன.

அரசாட்சி வேரூன்றிவிட்டது என்பதற்கு நான் காட்டும் சான்றும் போர்க்களத்தைச் சேர்ந்ததன்று. வாரிசுரிமைக்கு அஞ்சிய முந்தைய கப்பேத்தியர்கள், தாம் உயிரோடிருக்கும்போதே மகனுக்கு முடிசூட்டிவிடுவார்கள். பிலிப்புக்கே 1179இல் அப்படித்தான் நடந்தது. அவரோ 1223இல் இறக்கும்வரை தம் மகன் லூயிக்கு முடிசூட்டவில்லை.